பதிவேட்டில் ஏறாத பேச்சு

அரசிடம் தேர்வெழுதி உரிமம் பெற்ற தனிமனிதர்கள், ஊதியமோ வணிக நோக்கமோ இல்லாமல், தத்தம் வீட்டில் வைத்திருக்கும் கருவிகளைக் கொண்டு வானொலி அலைகளின் வழியாக ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதற்கு அமெச்சூர் ரேடியோ என்று பெயர். பேச்சுவழக்கில் அது ஹாம் ரேடியோ எனப்படும். அதில் ஈடுபடுவோர் ஹாம்கள் எனப்படுவர். வானொலி நிலையம் ஒரு குரலைப் பலருடைய காதுகளுக்குக் கொண்டுசெல்கிறது, ஆனால் கேட்பவர் பதில் சொல்ல அதில் வழியில்லை. கைபேசியில் பதில் சொல்லலாம், ஆனால் நடுவே ஒரு நிறுவனத்தின் கோபுரங்களும் மின்சாரமும் கணினிகளும் இடைவிடாது இயங்கிக்கொண்டிருக்க வேண்டும். ஹாம் ரேடியோவில் பேசுகிற இருவருக்கும் இடையே அவரவர் கருவியும், கூரைமேல் கட்டிய ஒரு கம்பியும், வானமும் இருந்தால் போதும்.

இந்தப் பேச்சில் எவை இடம்பெறலாம் என்பதைச் சட்டமே வரையறுத்திருக்கிறது. பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் வானொலி விதிகள் நெடுங்காலம் இரண்டே வகைச் செய்திகளை அனுமதித்தன: ஒன்று, கருவிகளையும் சோதனைகளையும் பற்றிய தொழில்நுட்பச் செய்தி, மற்றொன்று, பொதுத் தந்தியையோ தொலைபேசியையோ நாடும் அளவுக்கு முக்கியத்துவம் இல்லாத தனிப்பட்ட குறிப்புகள். 1978ஆம் ஆண்டின் இந்திய அமெச்சூர் சேவை விதிகளும் இந்த வரையறையைத்தான் பின்பற்றின. அரசியல், மதம், வணிகம் ஆகியவற்றைப் பற்றிய செய்திகள் விலக்கப்பட்டன. 2003ஆம் ஆண்டின் உலக வானொலி மாநாட்டில் பன்னாட்டு விதி திருத்தப்பட்டு, முக்கியத்துவம் இல்லாமை பற்றிய சொற்கள் நீங்கின, தனிப்பட்ட குறிப்புகள் என்பது மட்டும் நிலைத்தது. அஞ்சல் துறையின் வருவாய் குறையக்கூடாது என்ற கவலையில் பிறந்த அந்தப் பழைய வரையறையினால், ஒரு நூற்றாண்டுக்கால மனித அனுபவம் அற்பம் என்ற பெயரோடேயே வாழ்ந்திருக்கிறது. உண்மையில் அந்த அற்பமான குறிப்புகளே இந்தப் பழக்கத்தின் செல்வம் என்பதும், அவை எழுதிவைக்கப்படாமல் அழிந்துவருகின்றன என்பதுமே இக்கட்டுரையின் கருத்து.

ஒவ்வொரு ஹாமும் ஒரு பதிவேடு வைத்திருப்பார். பேசிய நாள், உலகப் பொது நேரம், அதிர்வெண், எதிர்முனை நிலையத்தின் அழைப்புக்குறி, இருபுறமும் கொடுத்துக்கொண்ட ஒலித்தர மதிப்பீடு ஆகியவை அதில் வரிசையாக ஏறும். அழைப்புக்குறி என்பது ஒவ்வொரு நிலையத்துக்கும் அரசு கொடுக்கும் பெயர். இந்திய நிலையங்களின் குறிகள் பெரும்பாலும் வி.யு. என்ற எழுத்துகளில் தொடங்குகின்றன. பேச்சு எவ்வளவு தெளிவு என்பதை ஒன்று முதல் ஐந்து வரையும், எவ்வளவு வலிமை என்பதை ஒன்று முதல் ஒன்பது வரையும் மதிப்பிடுவதால், நன்றாகக் கேட்கிற குரலுக்கு 'ஐந்து ஒன்பது' என்று சொல்வது வழக்கம். பேச்சு முடிந்தபின் இருவரும் அஞ்சலில் அனுப்பிக்கொள்ளும் க்யூ.எஸ்.எல். அட்டையிலும், அதாவது தொடர்பு நிகழ்ந்ததை உறுதிசெய்யும் அட்டையிலும், இதே விவரங்கள்தாம் அச்சாகியிருக்கும். எதிர்முனையில் பேசியவர் எப்படிப்பட்டவர், அவருடைய ஊரில் அன்று மழை பெய்ததா, எந்தக் கோளாற்றைச் சரிசெய்ய அவர் யோசனை சொன்னார் என்பவற்றுக்குப் பதிவேட்டில் கட்டம் கிடையாது. அவை ஹாம்கள் நேரில் கூடும்போது வாய்மொழியாகச் சொல்லப்படுகின்றன, சொன்னவரோடு மறைகின்றன.

காந்த நடுக்கோட்டின் அருகே

திருவனந்தபுரத்தின் கிழக்கேகோட்டை, பத்மநாபசுவாமி கோயிலைச் சூழ்ந்த கோட்டையின் கிழக்கு வாயிலை ஒட்டி வளர்ந்த பகுதி. நகரப் பேருந்துகள் வந்து கூடுமிடமும், பழவங்காடி கணபதி கோயிலும், காந்தி பூங்காவும், தமிழ் வணிகர்கள் தலைமுறைகளாகக் கடை நடத்தும் சாலைக் கடைத்தெருவும் இங்கே ஒன்றையொன்று ஒட்டியிருக்கின்றன. வானொலி அலைகளைப் பொறுத்தவரை இந்த நகரத்துக்குப் பூமியில் மிகச் சில நகரங்களுக்கே வாய்த்த ஒரு தனித்தன்மை உண்டு. காந்த ஊசி மேலும் கீழும் சாயாமல் கிடைமட்டமாக நிற்கும் கோடு, அதாவது பூமியின் காந்த நடுக்கோடு, இந்தியாவின் தென்கோடியின் மேலாகச் செல்வதால் திருவனந்தபுரம் அதற்கு மிக அருகில் அமைந்துவிட்டது.

இந்த அருமை வானொலி பிறப்பதற்கு முன்பே உணரப்பட்டிருந்தது. சுவாதித் திருநாள் மகாராஜா 1837இல் நிறுவிய திருவனந்தபுரம் வானாய்வுக்கூடத்தில் அதன் முதல் இயக்குநர் ஜான் கால்டிகாட் காந்த அளவீடுகளைத் தொடங்கினார். 1852இல் பொறுப்பேற்ற ஜான் ஆலன் பிரவுன், நகரத்தில் எடுத்த அளவீடுகளோடு ஒப்பிடுவதற்காகவே அகத்தியமலையின் உச்சியில் மற்றொரு கூடம் அமைத்தார். ஒரு நூற்றாண்டுக்குப் பின் விக்ரம் சாராபாய் விண்வெளி ஆய்வுக்குத் தும்பா என்னும் மீனவர் ஊரைத் தேர்ந்ததற்கும் இந்தக் காந்த நடுக்கோடே காரணம். அங்கிருந்து முதல் ஆய்வு ராக்கெட் 1963 நவம்பர் 21 அன்று ஏறியது. பூமிக்கு மேல் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் உயரத்தில், பகல் நேரத்தில், காந்த நடுக்கோட்டை ஒட்டிக் கிழக்கு நோக்கி ஓடும் மின்னோட்டத்தை ஆராய்வது அங்கிருந்து ஏறிய ராக்கெட்டுகளின் முதன்மையான பணிகளுள் ஒன்று.

ஹாம்களின் அன்றாட அனுபவம் இந்த அறிவியலோடு இரண்டறக் கலந்தது. ஏறத்தாழ 3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரையிலான சிற்றலைகள், சூரிய ஒளியால் மின்னேற்றம் பெற்ற மேல்வளிமண்டலப் பகுதியான அயனிமண்டலத்தில் பட்டு வளைந்து பூமிக்குத் திரும்புவதால்தான், சில வாட் ஆற்றலில் பேசுகிற குரல் கடல்களைத் தாண்டுகிறது. அந்த மண்டலம் பகலில் ஒன்றாகவும் இரவில் வேறாகவும் இருக்கும். சூரியனின் ஏறத்தாழ 11 ஆண்டுச் சுழற்சியோடு வலுத்தும் மெலிந்தும் வரும். காந்த நடுக்கோட்டின் அருகே அதற்கு இன்னொரு குணமும் உண்டு. பகல்நேர மின்புலம் மின்னேற்றத் துகள்களை மேலே தூக்க, அவை காந்தக் கோடுகளின் வழியே சரிந்து, நடுக்கோட்டுக்கு வடக்கிலும் தெற்கிலும் ஏறத்தாழ 15 பாகை தொலைவில் குவிகின்றன. சூரியன் மறைந்தபின் நடுக்கோட்டின் மேலேயே துகள் அடர்த்தி குறைந்த குமிழ்கள் எழுகின்றன. அந்திக்குப் பிறகு தொலைதூரக் குரல் ஒன்று திடீரென நடுங்கிப் படபடத்துத் தேய்வதைத் திருவனந்தபுரத்தில் கேட்கிற ஒருவர், தம் கருவி பழுதாகிவிட்டதோ என்று முதலில் ஐயுறக்கூடும். மூத்த ஹாம் ஒருவர் தமக்கு நேர்ந்ததைச் சொல்லி, இந்த நகரத்தின் வானம் மாலையில் செய்வது அது என்று விளக்கும்போதுதான் அந்த ஐயம் நீங்கும்.

இத்தகைய அனுபவப் பகிர்வு அறிவியலுக்கே வழிகாட்டியிருக்கிறது. 1947இல் மெக்சிகோ நகரத்தைச் சேர்ந்த அமெச்சூர்களும் ஆர்ஜென்டினாவின் புவனோஸ் ஐரிஸைச் சேர்ந்தவர்களும் 50 மெகாஹெர்ட்ஸில் ஒருவரையொருவர் கேட்டனர். அன்றைய கணக்கின்படி அந்த அதிர்வெண்ணில் அத்தனை தொலைவுக்கு அலை செல்ல வாய்ப்பில்லை. ஆயினும் அவர்கள் கேட்டதை மறைக்காமல் பகிர்ந்துகொண்டதால், நடுக்கோட்டைக் கடந்து செல்லும் பரவல் என்ற புதிய நிகழ்வு அறிஞர்களின் கவனத்துக்கு வந்தது. நடுக்கோட்டின் இருபுறமும் குவியும் துகள்களே அதற்குக் காரணம் என்பது பின்னர் தெளிவாயிற்று. கணக்குக்குப் பொருந்தாத ஓர் அனுபவத்தைச் சொல்லத் துணிந்தவர்கள் இல்லாதிருந்தால் அந்த அறிவு தாமதமாகியிருக்கும்.

குழாய் வாஷரும் கடைத்தெருவும்

சென்ற நூற்றாண்டின் பெரும்பகுதியில் இந்தியாவில் ஹாம் கருவிகள் கடையில் எளிதாகக் கிடைத்ததில்லை. இறக்குமதி வரி கடுமையாக இருந்ததால், இரண்டாம் உலகப் போருக்குப்பின் ராணுவம் கழித்த கருவிகளைத் தேடிப்பிடித்து மாற்றியமைப்பதும், பழுதான ரேடியோவிலிருந்து பாகங்களைக் கழற்றிப் புதிதாக ஒன்றைக் கட்டுவதும் ஹாம்களின் இயல்பாயின. தாமே கட்டிய கருவியை அவர்கள் ஹோம்ப்ரூ என்பார்கள். அதில் முதன்முறையாக ஒரு குரல் பதில் சொன்ன கணத்தைப் பற்றியே எந்த ஹாமும் நெடுநேரம் பேசுவார்.

இந்தக் கைத்திறனின் உச்சமாக ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வடிவமைத்த பிட்எக்ஸ் என்னும் கருவியைச் சொல்லலாம். அது 14 மெகாஹெர்ட்ஸில் குரலை அனுப்பவும் பெறவும் வல்லது. வெளிநாட்டு வடிவமைப்புகளில் சுருள் சுற்றுவதற்கு விலையுயர்ந்த காந்த வளையங்கள் வேண்டும், அவை இந்தியச் சிற்றூர்களில் கிடைப்பதில்லை. ஆகவே ஃபர்ஹான் குழாய்க்குப் போடும் வாஷரின் மேல் கம்பியைச் சுற்றினார். வடிகட்டியை எங்கும் கிடைக்கிற சாதாரணப் படிகங்களைக் கொண்டு அமைத்தார், டிரான்சிஸ்டர்களையும் ரேடியோ பழுதுபார்ப்பவர் அறிந்த வகைகளிலிருந்தே தேர்ந்தார். வடிவமைப்பை மறைக்காமல் எல்லோருக்கும் கொடுத்ததால், உலகின் பல நாடுகளில் ஹாம்கள் அதைக் கட்டினார்கள், கட்டும்போது பட்ட பாட்டை எழுதினார்கள், அந்த எழுத்துகளால் வடிவமைப்பு மேலும் செம்மையடைந்தது. சாலைக் கடைத்தெருவில் நடந்துபோகிற ஒருவர் கண்ணில் படுகிற எந்த இரும்புக் கடையிலும் அந்த வாஷர் தொங்கும்.

இந்தக் கடைத்தெரு தமிழ் இலக்கியத்தில் நிலைபெற்றதற்குக் காரணம் ஆ. மாதவன். சாலையில் பாத்திரக் கடை நடத்திக்கொண்டே, சுமைதூக்குவோரையும் சிறு வணிகரையும் அன்றாடம் பார்த்து அவர் எழுதிய கடைத்தெருக் கதைகள், வேறு எந்த ஆவணத்திலும் இடம்பெறாத மனிதர்களை நிலைக்கச் செய்தன; 2015இல் அவருக்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. கணக்குப் பேரேட்டில் சரக்கும் விலையும் மட்டுமே ஏறும், மனிதர்கள் ஏற மாட்டார்கள். பேரேட்டுக்கு வெளியே இருந்ததை மாதவன் எழுதினார். திருவனந்தபுரத்தின் ஹாம்களுக்கு அத்தகைய எழுத்தாளர் ஒருவர் இன்னும் வாய்க்கவில்லை என்பது உண்மையான இழப்பு.

நெருக்கமான நகரத்தில் இந்தப் பழக்கத்தை மேற்கொள்வது எளிதல்ல. 7 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் பேசுவதற்கு மிகச் சாதாரணமான அரையலைக் கம்பி ஆன்டெனாவே ஏறத்தாழ 20 மீட்டர் நீளம் வேண்டும். கோட்டைக்குள் சுவரும் சுவரும் ஒட்டிய வீடுகளின் கூரையில் அந்த நீளத்துக்கு இடம் கிடைக்காமல், கம்பியை மடித்தும் சாய்த்தும் கட்ட நேர்கிறது. எல்.இ.டி. விளக்குகளும் மலிவான சார்ஜர்களும் வெளிவிடும் மின்னிரைச்சல், தொலைவிலிருந்து வரும் மெல்லிய குரல்களை மூழ்கடித்துவிடுகிறது. பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசி எந்த விளக்கிலிருந்து இரைச்சல் வருகிறது என்று கண்டறிந்த கதைகளும், கம்பியைப் பற்றிய ஐயத்தைப் போக்கக் குடியிருப்போர் சங்கத்துக்கு உரிமத்தைக் காட்ட நேர்ந்த கதைகளும் நகர ஹாம்களின் கூட்டங்களில் அடிக்கடி கேட்பவை. நூல்களில் கிடைக்காத இந்த நுட்பங்களே புதியவருக்கு முதலில் தேவைப்படுகின்றன.

சென்னையிலிருந்து விண்வெளி வரை

இந்தியாவில் ஒலிபரப்பு என்பதே அமெச்சூர்களின் ஆர்வத்தில் பிறந்தது. சி.வி. கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று 1924 மே மாதத்தில் அமைத்த சென்னை மாகாண ரேடியோ கிளப், அதே ஆண்டு ஜூலை 31 அன்று ஒலிபரப்பைத் தொடங்கியது. பணமின்மையால் 1927இல் அது மூடப்பட்டபோது கருவி சென்னை மாநகராட்சிக்கு அளிக்கப்பட, 1930 முதல் மாநகராட்சி அதை நடத்தியது. திருவிதாங்கூர் அரசு திருவனந்தபுரத்தில் தன் வானொலி நிலையத்தைத் தொடங்கியது 1943இல்தான். 1950 ஏப்ரல் 1 அன்று அது அகில இந்திய வானொலியோடு இணைந்தது. இரண்டாம் உலகப் போர் மூண்டதும் ஆங்கில அரசு அமெச்சூர் உரிமங்களை நிறுத்திக் கருவிகளை ஒப்படைக்க ஆணையிட்டது. 1942 ஆகஸ்டில் பம்பாயில் உஷா மேத்தாவும் தோழர்களும் மறைவாக நடத்திய காங்கிரஸ் ரேடியோவுக்குக் கருவி அமைத்தவர் நரிமான் பிரின்டர் என்னும் அமெச்சூர்.

விடுதலைக்குப் பின் 1948இல் இந்திய அமெச்சூர் ரேடியோ சங்கமும், 1983இல் ஹைதராபாத்தில் தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனமும் தோன்றின. ராஜீவ் காந்தியும் ஒரு ஹாம், வி.யு.2 ஆர்.ஜி. என்பது அவருடைய அழைப்புக்குறி. 2005 மே 5 அன்று பி.எஸ்.எல்.வி. சி-6 ராக்கெட் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஹாம்சாட் என்னும் 42.5 கிலோ எடையுள்ள செயற்கைக்கோளை ஏற்றியது. ஹாம்கள் தமக்குள் பேசிக்கொள்வதற்கென்றே அமைந்த அந்தக் கோளில் இருந்த இரு மறுபரப்பிகளுள் ஒன்று நெதர்லாந்து மாணவர் ஒருவர் கட்டியது. 2014 வரை அது உழைத்தது. அந்த ராக்கெட் உருவாக்கப்பட்ட விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் இருப்பது, கிழக்கேகோட்டையிலிருந்து நகரப் பேருந்திலேயே போய்விடக்கூடிய தும்பாவில். 2025 ஜூலை 4 அன்று பன்னாட்டு விண்வெளி நிலையத்திலிருந்து இந்திய விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லா பெங்களூருவில் கூடியிருந்தவர்களோடு பேசியதும் ஹாம் ரேடியோ வழியாகத்தான்.

பேரிடர் நாளில்

அற்பமான பேச்சு எதற்குப் பயன்படும் என்ற கேள்விக்கு மிகத் தெளிவான பதில் 2004 டிசம்பரில் அந்தமானில் கிடைத்தது. ஹாம்கள் அரிதாகவே இயங்கும் தீவுகளுக்குச் சென்று, உலகெங்கும் உள்ளவர்களோடு முடிந்த அளவு தொடர்புகளை ஏற்படுத்திக்கொள்ளும் பயணத்தை அவர்கள் டி.எக்ஸ்.பெடிஷன் என்பார்கள். அந்தமான் நிக்கோபார் தீவுகளில் பல ஆண்டுகள் ஹாம்களின் குரல் ஒலிக்காமல் இருந்தபின், பாரதி பிரசாத் தலைமையில் ஒரு குழு அரசின் அனுமதியோடு போர்ட் பிளேரில் நிலையம் அமைத்திருந்தது. டிசம்பர் 26 காலை நிலம் நடுங்கியபோது கருவிகள் இயங்கிக்கொண்டிருந்தன. தொலைபேசி இணைப்புகள் அறுந்துபோன அந்த நாட்களில், அழைப்புக்குறிகளையும் ஒலித்தர மதிப்பீடுகளையும் பரிமாறிக்கொள்ள வந்தவர்கள், தீவில் இருப்போர் உயிரோடிருக்கும் செய்தியை நாட்டின் பிற பகுதிகளில் இருந்த உறவினருக்குச் சேர்க்கும் பணியில் இறங்கினார்கள். அதே வாரத்தில் இலங்கையில் அம்பாந்தோட்டைக்குச் சென்ற ஹாம்கள், கொழும்போடு அரசு நிர்வாகத்துக்குத் தேவைப்பட்ட சிற்றலைத் தொடர்பை ஏற்படுத்தினார்கள்.

2018 ஆகஸ்டில் கேரளம் மூழ்கியபோது திருவனந்தபுரம் கடற்கரையின் மீனவர்கள் தம் வள்ளங்களை லாரிகளில் ஏற்றிக்கொண்டு வடக்கே விரைந்ததை நாடு அறியும். கைபேசிக் கோபுரங்கள் செயலிழந்த இடங்களில், சிக்கியிருந்தோர் பற்றிய செய்திகளை மீட்புக்குழுக்களுக்குக் கடத்திய ஹாம்களின் பணி அந்த அளவுக்கு அறியப்படவில்லை. 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை ஊர்களை நிலச்சரிவு அழித்தபின், கல்பற்றாவில் உள்ள மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் ஹாம் நிலையம் ஒன்று இயங்கியது. அம்பலவயல் பகுதியின் உயரமான இடத்தில் முன்பே இருந்த ரிப்பீட்டர், அதாவது ஒரு கருவியின் மெல்லிய ஒலியை வாங்கி வலுப்படுத்தி மீண்டும் அனுப்பும் நிலையம், அதற்குத் துணைநின்றது. அந்த ரிப்பீட்டர் பேரிடருக்காக அன்று கட்டப்பட்டதல்ல. மழைக்கும் வெயிலுக்கும் அதைப் பராமரித்து, அதன் வழியே ஒருவரையொருவர் நலம் விசாரித்துக்கொண்டிருந்தவர்கள் இருந்ததால்தான் தேவைப்பட்ட நாளில் அது உயிரோடிருந்தது.

நலம் விசாரிப்பதே பயிற்சி என்பதை நிர்வாகிகள் உணர வேண்டும். எந்த நேரத்தில் எந்த அதிர்வெண் எந்த ஊரைத் தொடும், யாருடைய நிலையம் பேட்டரியில் இயங்கும், யார் இரைச்சலுக்கு நடுவிலும் பெயர்களைப் பிழையின்றி எழுதிக்கொள்வார் என்பவை ஆண்டுக்கணக்கான அன்றாடப் பேச்சில் விளையும் அறிவு. அதைப் பேரிடர் மேலாண்மைக் கையேடு ஒன்றால் ஒரே நாளில் உண்டாக்கிவிட முடியாது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வீசியபோது ஆழ்கடலில் இருந்த குமரி, திருவனந்தபுரம் மீனவர்களைக் கரையிலிருந்து எட்ட முடியாமல் போன துயரம் இந்தக் கடற்கரையில் இன்னும் ஆறவில்லை. படகுகளில் இருந்த வி.எச்.எஃப். கருவிகள் எட்டும் தொலைவு ஏறத்தாழ நேர்பார்வைத் தொலைவே. சிற்றலையின் இயல்பை அறிந்த ஹாம்களும் மீனவர் அமைப்புகளும் சட்டத்துக்கு உட்பட்டு ஒன்றாக அமர்ந்து அனுபவங்களைப் பகிர்ந்துகொள்வதற்கு இதைவிட வலுவான காரணம் தேவையில்லை.

எழுத வேண்டியவர்கள்

இந்தியாவில் 12 வயது நிறைந்த எவரும் அமெச்சூர் நிலைய இயக்குநர் தேர்வை எழுதலாம். வானொலிக் கோட்பாட்டிலும் விதிகளிலும் தேறினால் கட்டுப்படுத்தப்பட்ட தரத்திலும், கூடுதலாக நிமிடத்துக்கு 8 சொல் என்ற வேகத்தில் மோர்ஸ் குறியீட்டை அனுப்பவும் வாங்கவும் தேறினால் பொதுத் தரத்திலும் உரிமம் பெறலாம். தேர்வுக்கான பாடநூல்கள் ஆங்கிலத்தில் உண்டு. ஆன்டெனா கட்டிய விதம், முதல் தொடர்பு, புயல் இரவில் கேட்ட குரல், பல ஆண்டுகள் பேசிப் பழகி ஒருமுறையும் நேரில் காணாத நண்பரின் மறைவு என்று ஹாம்கள் கண்டதைத் தமிழில் சொல்லும் நூல்களோ மிகக் குறைவு. தமிழும் மலையாளமும் ஒரே தெருவில் புழங்கும் கிழக்கேகோட்டையைப் போன்ற இடத்திலிருந்து, இரு மொழியிலும் அத்தகைய தொகுப்பு வெளிவருவது இயலாத காரியமல்ல. மூத்த ஹாம்கள் தம் பதிவேட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் புரட்டி, நினைவில் நிற்கிற தொடர்புகளுக்கு எதிரே நடந்ததை நான்கு வரியாவது எழுதிவைக்க வேண்டும். சங்கங்கள் அவற்றை ஒலியாகப் பதிவுசெய்ய வேண்டும். பல்கலைக்கழகங்களின் இதழியல், இயற்பியல் துறைகள் அதை ஆய்வுப் பணியாகவே மேற்கொள்ளலாம்.

மறைந்த ஹாம் ஒருவரின் வீட்டில் அவருடைய பதிவேடுகளும் க்யூ.எஸ்.எல். அட்டைகளும் ஒரு பெட்டியில் கிடந்தால், அவற்றைப் பழைய தாள் வாங்குபவருக்குப் போட்டுவிட வேண்டாம். அருகிலுள்ள ஹாம் சங்கத்துக்கோ நூலகத்துக்கோ அவற்றை ஒப்படையுங்கள். அவரோடு பேசியவர்களில் இன்னும் உயிரோடிருப்பவர்கள் அந்த அட்டைகளைப் பார்த்தே நடந்ததைச் சொல்லக்கூடும்.